எச் 19 என்று பெயர் வைத்த கேள்வி

சார் கோபப்பட்டு நான் பார்த்த முதல் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதில்களைத் திரட்டிக் கொடுக்கும் சிறிய ஆய்வு நிறுவனம். கேள்வித்தாள்களைக் கவனிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த சாருக்கு அது முதல் வாரம். என் மேசைத் திரையில் ஒரு கேள்வியின் பெயர் ‘கியூ 12 நியூ ஃபைனல் 2’ என்று இருந்தது. அதைப் பார்த்ததும் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். “ஃபைனலுக்கு அப்புறம் ரெண்டு எப்படிம்மா வரும்?” என்றார். குரல் உயரவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. “இங்க எல்லாரும் அப்படித்தான் வைப்போம் லா சார்” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் போய், ரயில் ஒன்று கடந்து முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் இங்கே ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று அப்போதே முடிவு கட்டினேன். என் கணிப்புகள் பெரும்பாலும் அந்த லட்சணம்தான்.

அவர் வந்த பிறகுதான் எங்கள் கேள்விகளுக்கு ஒழுங்கான பெயர் கிடைத்தது. குடும்பத்தைப் பற்றியவை எல்லாம் எச், வேலையைப் பற்றியவை டபிள்யூ, அதற்குப் பின்னால் எண். ஒரு வருடம் எச் 4 என்று இருந்தது எல்லா வருடமும் எச் 4 ஆகவே இருக்க வேண்டும். புதிதாக ஒரு கேள்வி தோன்றினால் நடுவில் செருகக் கூடாது, பகுதியின் கடைசியில் புது எண்ணோடு போய் நிற்க வேண்டும். பதில்களுக்கும் அப்படித்தான். ‘தெரியாது’ என்றால் எங்கும் எட்டு, ‘சொல்ல விருப்பமில்லை’ என்றால் எங்கும் ஒன்பது. இதெல்லாம் வேலையற்ற வேலை என்று நாங்கள் முணுமுணுத்தோம். பிறகு, அவர் வருவதற்கு முந்தைய இரண்டு வருடப் பதில்களை அவர் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற கேள்வியில், ஒரு வருடத்தில் எட்டுக்கு ‘தெரியாது’ என்றும் மறு வருடத்தில் எட்டுக்கு ‘படகு’ என்றும் யாரோ வைத்திருந்ததால், கிள்ளானில் ஒரு கூட்டமே படகேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் வரை சிரித்தோம். அதற்குப் பிறகு முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்தது.

நாங்கள் எடுத்தது ஒரே வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போகிற கணக்கெடுப்பு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. போன முறை சொன்ன பெயர்களைக் கையில் இருக்கும் டேப்லெட் காட்டும். கேட்பவர் ஒவ்வொரு பெயராகப் படித்து, இவர் இன்னும் இங்கே இருக்கிறாரா என்று கேட்பார். இருக்கிறார் என்றால் ஒன்று, தற்காலிகமாக வெளியே போயிருந்தால் இரண்டு, வேறு வீட்டுக்குப் போய்விட்டால் மூன்று, இறந்துவிட்டால் நான்கு. மூன்றோ நான்கோ விழுந்துவிட்டால் அந்தப் பெயர் அடுத்த வருடம் திரையில் வராது. ஆனாலும் அவருடைய எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க சார் விட்டதே இல்லை. புது மருமகள் வந்தாலும், குழந்தை பிறந்தாலும் அடுத்த எண்தான். “நம்பர் ஆளோட போகும்மா. ஆள் போயிட்டா அந்த இடம் காலியாத்தான் இருக்கணும்” என்பார். என் வீட்டில் நான் ஒருத்திதான். புதுக் கேள்வித்தாளை முதலில் எங்களை வைத்தே சோதித்துப் பார்ப்போம், அப்போதெல்லாம் என்னுடையதுதான் முதலில் முடியும். ஒற்றை ஆள் வீடு என்றால் கேட்கப் போகிறவர்களுக்கெல்லாம் கொள்ளை சந்தோஷம். அதை அவர்கள் என் முன்னாலேயே சொல்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வீட்டில் வசிப்பவர் யார் என்பதற்கும் ஒரு வரையறை இருந்தது. ஆண்டில் பாதிக்கு மேல் அந்த வீட்டில் படுத்து எழுந்தவர்தான் அந்த வீட்டு ஆள். பயிற்சி வகுப்பில் இதை விளக்கும்போது, “திருச்சியில எங்க வீட்டுக்கு நீங்க சர்வே எடுக்கப் போனா என் பேர் வராது” என்று சொல்லி சார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அங்கே மனைவியும், கல்யாணம் ஆன இரண்டு மகள்களும் இருந்தார்கள். இங்கே, அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. சாயங்காலம் வீடியோவில் மனைவி கூப்பிடுவார். சாப்பிட்டீங்களா என்று அவர் கேட்பதும், இவர் சாப்பிட்டேன் என்பதும், அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பதும் பக்கத்து மேசையில் எனக்குக் கேட்கும். போனை வைத்ததும் அவர் மறுபடியும் கேள்விகளின் பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் எனக்கும் வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இருந்ததில்லை.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு வீடு. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். பெயர்களை நான் எழுதப் போவதில்லை. வெளியே சொல்லமாட்டோம் என்று அந்த வீடுகளுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறோம், அது இன்றைக்கும் என்னைக் கட்டும். அந்த அம்மாவின் எண் இரண்டு. ஒரு வருடம் அவர் ‘தற்காலிகமாக வெளியே’ என்று வந்திருந்தது. மறு வருடமும் அதே பதில், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்ற அதே குறிப்பு. சார் அதைக் கண்டுவிட்டு, அந்தப் பகுதியில் கேட்கப் போகும் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா பண்டமாரானிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த வரிசையில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. வந்து உட்கார்ந்ததும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

“அந்த ஆன்டி தவறிட்டாங்க சார். நான்தான் சாவு வீட்டுக்கே போயிட்டு வந்தேன்லா. ஆனா அங்கிள் கேட்டாரு, ஆள் இல்லன்னு போட்டா அடுத்த வருஷம் அவங்க பேரப் படிப்பீங்களான்னு. இல்ல அங்கிள், மெஷின்ல வராதுன்னு சொன்னேன். அப்படின்னா மக வீட்டுக்குப் போயிருக்கான்னு போடும்மா அப்படின்னாரு. நான் என்ன சார் செய்யறது?”

அக்கா மேலும் சொன்னார். அம்மா போனதிலிருந்து பிள்ளைகள் அந்த வீட்டில் அவர் பெயரை எடுப்பதே இல்லை. அப்பா மனம் உடைந்துவிடுவார் என்று பயம். வந்து போகிறவர்களும் அப்படியே, வேறு எதையாவது பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு நாள் கணக்கெடுப்பு ஆள் வந்து, அடையாள அட்டையில் இருக்கிறபடி தகப்பனார் பெயரோடு சேர்த்து, அந்த அம்மாவின் முழுப் பெயரை வாய்விட்டுப் படிப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. அதற்காக அன்று சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பாராம்.

தற்காலிகமாக வெளியே என்றே இருந்துவிட்டுப் போகட்டும் சார், ஒரு வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். சார் தலையாட்டவில்லை. “இறந்தவங்களை இருக்காங்கன்னு எழுதினா நாம எழுதின மத்ததையும் யாரும் நம்ப வேண்டியதில்லைம்மா” என்றார். பெரியவரிடம் திரும்பப் போய் உண்மையைக் கேட்டு, நான்கு என்று திருத்தச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல் நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன். சில நாட்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. சிறிய அலுவலகத்தில் பேசாமல் இருப்பது பெரிய கஷ்டம், ஸ்டேப்ளர் வேண்டுமென்றாலும் வாயைத் திறந்தாக வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் போனில் பேசுவது கேட்டது. திருச்சியில் அவர் வீட்டுக்கே ஏதோ கணக்கெடுப்பு என்று ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். “என் பேரைச் சொன்னியா?” என்று கேட்டார். அந்தப் பக்கம், நீங்கதான் இங்க இல்லையே, அதனால சொல்லல என்று பதில் வந்தது. மனைவி வெள்ளந்தியாகத்தான் சொன்னார், குத்தலாக ஒன்றுமில்லை. “கரெக்டாத்தான் சொல்லியிருக்க” என்றார் சார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “டெஃபினிஷன்படி சரிதாம்மா” என்று சிரித்தார். பயிற்சி வகுப்பில் சிரித்த சிரிப்பு இல்லை அது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிடத்திலேயே போய்விட்டது. மழை வரும் போலிருக்கிறது சார் என்றேன்.

அடுத்த வாரம் குடும்பப் பகுதியின் கடைசியில் புதுக் கேள்வி ஒன்று வந்து நின்றது. பெயர் எச் 19. பதிவில் ஒரு முறையாவது வந்த ஒவ்வொருவருக்கும், இருந்தாலும், வேறு வீட்டுக்குப் போயிருந்தாலும், இறந்திருந்தாலும், அது கேட்கப்பட வேண்டும். முதலில் முழுப் பெயரைப் படிக்க வேண்டும். பிறகு, “இந்தப் பெயர் இந்த வீட்டுப் பதிவில் இருக்கிறது. சரியாக இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். வேலையைக் கொடுத்தவர்களின் அதிகாரி ஒருவர், செத்தவர் பெயரை எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பெயர் சரிபார்ப்பு என்றார் சார். அதுவும் பொய் இல்லை. பழைய பட்டியலில் எழுத்துப் பிழை நிறையவே இருந்தது.

பெரியவரிடம் சொல்ல சாரே பண்டமாரானுக்கு வந்தார், நான் கார் ஓட்டினேன். எச் 19 என்ன கேட்கும் என்பதைப் பெரியவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். பெரியவர், “அப்படின்னா சரி சார். எழுதிக்குங்க. அவ செத்துப் போயிட்டா” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னார்.

எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி நல்லபடியாகப் போகவில்லை. கிள்ளானில் ஒரு வீட்டில், இறந்த மகன் பெயரைப் படித்ததும் தாயார் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. கேட்கப் போன பெண் அழுதுகொண்டே அலுவலகத்துக்கு வந்தாள். சார் அவளுக்கு மைலோ வாங்கிக் கொடுத்து, அந்த வீட்டுக்கு ஒன்பது என்று போட்டு, இனி அங்கே எச் 19 கேட்க வேண்டாம் என்று குறிப்பு எழுதினார். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை. தான் செய்தது சரியா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் அதுதான் என் பதில்.

சார் இப்போது இல்லை. கணக்கெடுப்பு நின்றதும் அவருடைய பெர்மிட்டும் முடிந்து ஊருக்குப் போனார். முதலில் வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் வந்தன. பிறகு ஒரு முறை, “வீட்டுல எல்லாருக்கும் என்னைச் சுத்தி நடக்கப் பழக்கம் இல்லைம்மா, நாற்காலி மாதிரி இடிச்சுக்கறாங்க” என்று எழுதியிருந்தார். கிண்டல் என்று நினைத்துச் சிரிப்புப் பொம்மை அனுப்பினேன். அதற்கடுத்த செய்தி அவருடைய மகளிடமிருந்து வந்தது. அதைப் படித்தபோது அதே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேல்மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. அவரை எனக்குத் தெரியும் என்று இந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவும் மகனோடு ஜொகூர் போய்விட்டார். சார் பெயரைச் சத்தமாகச் சொல்லி நாளாகிவிட்டது. எப்போதாவது குளித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நினைக்க வீட்டில் ஆள் இல்லை.

கணக்கெடுப்பின் கடைசி வருடம் ஆள் பற்றாக்குறை. பண்டமாரான் வீட்டுக்கு சாரும் நானுமே போனோம். பெரியவர் வழக்கம்போல் சட்டை போட்டுக்கொண்டு, கோப்பி ஆற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். உடம்பு முன்னைக்கு இப்போது பாதியாகியிருந்தது. சார் ஒவ்வொரு கேள்வியாக, எழுதியிருந்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கேட்டார். எச் 19 வந்தது. அந்த அம்மாவின் பெயரைப் படித்தார். “சரிதான்” என்றார் பெரியவர். மீதிக் கேள்விகளும் முடிந்தன. சார் டேப்லெட்டைப் பையில் வைக்கப் போனார்.

“அடுத்த வருஷம் யாரு சார் வருவாங்க? நீங்களா, எப்பவும் வர்ற பொண்ணா?”

யாராவது வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். சார், “யாரும் வரமாட்டாங்க ஐயா. இதோட நிறுத்திட்டாங்க” என்றார்.

தெருவில் துறைமுகத்துக்குப் போகிற லோரி ஒன்று வீடு அதிரக் கடந்து போனது. சத்தம் அடங்கியதும் பெரியவர், “அப்படின்னா இன்னொரு தடவ படிங்க சார்” என்றார்.

சார் டேப்லெட்டை மறுபடியும் எடுத்தார். பின்னால் தள்ளித் தள்ளி எச் 19-க்குப் போனார். பெயரைப் படித்தார். இந்தப் பெயர் இந்த வீட்டுப் பதிவில் இருக்கிறது, சரியாக இருக்கிறதா என்று, முதல் முறை கேட்ட அதே வேகத்தில், அதே குரலில் கேட்டார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, “சரிதான்” என்றார். நான் கோப்பியைக் குடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். யாரும் கேட்காமலே சார் மூன்றாவது முறையும் படித்தார்.