பாலத்தின் மூலையில் ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை, மாலை 4.40. யாங்கோன் விமான நிலையத்தின் சுங்க மேசையில் என் மரப்பெட்டியைத் திறந்து காட்டியபோது எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வரப்போவது பெரும்பாலும் பயம்தான். அதிகாரி எட்டிப் பார்த்தார், "டாய்?" என்றார், நான் தலையாட்டினேன், பெட்டியை மூடச் சொல்லிவிட்டார். அறுபது வயதில் பொம்மை ரயிலைத் தூக்கிக்கொண்டு பாங்காக் வழியாக வந்திருக்கிறாளே என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். மதுரையில் என் தங்கையும் அதைத்தான் சொல்கிறாள்.

பெட்டிக்குள் இருந்தவை மூன்று. நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்காக நானே பித்தளையில் செய்த மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின். அதை ஓட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பேட்டரி, மேலே வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள். மூன்றாவது, இரண்டடி நீளப் பலகையில் கட்டிய ஒரு ரயில் பாலம். யாங்கோனைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஓர் ஓடையைத் தாண்டுகிற பாலம் அது. எந்த ஓடை என்று கேட்காதீர்கள், சொல்வதற்கில்லை.

வெளியே காதர் நின்றிருந்தார். கியாக்டடா பகுதியில் மின்விசிறி, இன்வெர்ட்டர் விற்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பத்திரண்டு வயது. அவருடைய பாட்டனார் நம் கிழக்குக் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். மாதிரி ரயில் கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் ஆறு வருஷமாகப் பழக்கம், நேரில் பார்ப்பது அன்றுதான். லுங்கிக்கு மேலே கம்பளிச் சட்டை, தலையில் குல்லா. குளிருக்குத்தான் இவ்வளவு வேஷமும். அன்றைக்கு இருபத்து நான்கு டிகிரி.

"சௌக்கியமாக்கா? சுவெட்டர் கொண்டாந்தீங்களா? காலையிலே பனி மூடிக்கும், பதினாறுக்கு வந்துரும்."

"தம்பி, நான் கொடைக்கானலே பார்த்தவ."

"பார்ப்போம், பார்ப்போம்," என்று சிரித்தார்.

டாக்சிக்கு இருபதாயிரம் கியாட். நகர நடுவில் என் விடுதி இருந்த சூலே பகோடா வரை பதினாறு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். ஓட்டுநர் கோ சோ, தாய் தமிழ், தகப்பனார் பர்மியர். தமிழ் பேசினால் முழுக்கப் புரிகிறது, பதில் மட்டும் பர்மிய மொழியில் வருகிறது. வழியில் நான் ஒரு ரயில் நிலையத்தைப் பார்த்து கேமராவை எடுத்தேன். கோ சோ கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"உள்ளே வைங்கக்கா," என்றார் காதர். "ரயிலையும் பாலத்தையும் இங்கே படம் புடிக்கப்படாது."

வைத்துவிட்டேன். பையின் அடியில் திணித்து ஜிப்பையும் இழுத்து மூடினேன்.

படம் எடுக்கக்கூடாது என்றால் நீ எப்படி அந்தப் பாலத்தைக் கட்டினாய் என்று கேட்பீர்கள். காதர்தான் அளந்து கொடுத்தார். டேப் வைத்து அல்ல. மூன்று மாதம், விடுமுறை நாளெல்லாம் வட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். தூண்களில் செங்கல் எத்தனை வரிசை, இரும்பு உத்தரத்தில் ஆணிகள் எத்தனை. ஒரு செங்கல்லின் உயரம் தெரிந்தால் போதும், மீதியைப் பெருக்கிக்கொள்ளலாம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள பைத்தியம் இது. வீட்டில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, மின்னஞ்சலில் எனக்கு அனுப்பினார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. வரைபடத்தை அச்சடித்து அப்படியே பலகையில் ஒட்டிவிடுவோம். அதன் மேலேயே கட்டைகளை அடுக்கித் தண்டவாளம் பதித்து, ஜல்லியும் சாயமும் போட்டு மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். வலது கைப்பக்க மூலையை மட்டும் மூடவில்லை. அங்கே பர்மிய எழுத்தில் 'அளந்து வரைந்தவர்' என்று போட்டு, காதரின் முழுப் பெயரும் தேதியும் இருந்தது. வரைந்தவன் பெயரை மூடினால் அது திருட்டு. முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். பையன்கள் நோட்டில் பெயர் எழுதாமல் கொடுத்தால் தலையில் குட்டுவேன்.

சனிக்கிழமை, காலை 6.15. விடுதி ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டைக் காணோம். பனி. பல் கிட்டியது. கொடைக்கானல் பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டு, சுவெட்டர் மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு இறங்கினேன். தெருவோரத்தில் முழங்கால் உயர முக்காலியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் மொஹிங்கா, இரண்டாயிரத்து ஐந்நூறு கியாட். மீன் குழம்பில் அரிசிச் சேமியா மிதக்கிறது. சூடாக இருந்தது, அது போதும்.

கண்காட்சி க்யிம்யிண்டைங்கில், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். விடுதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சொச்சம், டாக்சிக்கு எட்டாயிரம். வருஷத்தில் இந்தக் குளிர் மாதங்களில்தான் நடத்துகிறார்கள். மழைக்காலத்தில் பசை காயாது, அட்டை ஊறிப்போகும். வெயில் காலத்தில் மின்சாரம் இருக்காது, மண்டபத்தில் உட்கார முடியாது.

காலை 7.05. காதர் முன்னால், நான் பெட்டியோடு பின்னால், கோ சோ ஓட்டுகிறார். பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. திடீரென்று பனிக்குள்ளிருந்து சிவப்பு விளக்கு ஒன்று ஆடியது. கோ சோ "அமலே!" என்று கத்தி முன்விளக்கை அணைத்தார், காருக்குள் விளக்கைப் போட்டார். இங்கே சோதனைச் சாவடி வந்தால் அப்படிச் செய்வது முறை. தூரத்திலேயே செய்திருக்க வேண்டும், பனியில் சாவடி தெரியவில்லை. கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்தோடு நேராகப் போய் முட்டாத குறையாக நின்றிருந்தோம்.

காதர் திரும்பாமலே கேட்டார். "அக்கா, அந்தப் படத்தாளை ஊர்லயே விட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"தாளா? அது பலகையிலேயே இருக்கே தம்பி. அது மேலதானே கட்டியிருக்கேன்."

"என் பேரு?"

"மூலையிலே. அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்கழுத்து வியர்த்ததைப் பார்த்தேன். பதினாறு டிகிரியில்.

கம்பளித் தொப்பியோடு ஒரு சிப்பாய் வந்து காதருடைய அடையாளப் பதிவுச் சீட்டையும் என் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கறுப்பு டப்பா, திருகு, சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து துப்பாக்கியைத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில்தான் அந்த டப்பாவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நான்கு வருஷமாகக் கையில் வைத்திருக்கிறேன், அது பார்க்க எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அட மடச்சி, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இறங்கச் சொன்னார்கள். உள்ளிருந்து ஓர் அதிகாரி வந்தார், நரைத்த மீசை, கையில் தேநீர்க் கோப்பை. அவர் கையில்தான் இப்போது காதரின் சீட்டு. அதில் இருக்கிற பெயரும் என் பலகையில் இருக்கிற பெயரும் ஒன்று. பாலத்தை அளந்த ஆள், பாலத்தின் மாதிரி, ஒயர் வைத்த டப்பா. மூன்றையும் சேர்த்துக் குண்டு என்று படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் அந்நியநாட்டுக்காரி, கத்தி ஊரைக் கூட்டலாம், தூதரகம் என்று ஒன்று இருக்கிறது. காதருக்கு யார் இருக்கிறார்கள்?

காதர் பர்மிய மொழியில் மெதுவாக விளக்கினார். 'ஸயாமா' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. டீச்சர் என்று அர்த்தம். அதிகாரி என்னைப் பார்த்துக் கோப்பையை ஆட்டினார்.

"ஓட்டிக் காட்டச் சொல்றாருக்கா."

மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் பலகையை வைத்தேன். வைக்கும்போதே கறுப்பு டப்பாவை அந்த மூலையில், பெயரின் மேல் வைத்துவிட்டேன். ஒயரை மாட்ட மூன்று தடவை முயன்றேன். எஞ்சினை வைத்துத் திருகைத் திருப்பினேன்.

எஞ்சின் அசையவில்லை.

ஊரில் கிளம்பும் முன் ஆசையாக எண்ணெய் போட்டேனே, அதிகமாகிவிட்டது. சக்கரமெல்லாம் எண்ணெய், தண்டவாளத்தில் பனி ஈரம், மின்சாரம் ஏறவில்லை. சிப்பாய் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

எஞ்சின் நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். "ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்தேன். எண்ணெயைத் துடைக்க நாங்கள் ஸ்பிரிட்தானே போடுவோம்? தண்டவாளத்தில் ஊற்றினேன். சக்கரத்தில் ஊற்றினேன். பிறகு டப்பாவை நானே தூக்கி இடுக்கிக்கொண்டு அந்த மூலையில் சானிடைசரைக் கவிழ்த்துக் கொட்டினேன், சால்வை நுனியால் தேய்த்தேன், இன்னும் தேய்த்தேன். வீட்டு பிரிண்டரில் அடித்த நீல மை. வார்னிஷ் பூச வேண்டுமென்று நினைத்து, அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. வட்ட வட்ட எழுத்துகள் ஊறி, நீண்டு, ஒன்றோடொன்று கலந்து, ஒரு நீலக் கறையாகப் போயின. காதர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

திருகைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டுப் புறப்பட்டது. இரண்டடிப் பாலத்தை நிதானமாகத் தாண்டியது.

"யத்தா," என்றார் சிப்பாய், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டே. ரயில் என்று அர்த்தமாம்.

அதிகாரி சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கித் தானே திருகினார், முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை. பலகையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். நீலக் கறை மேல் விரலை வைத்து என்னவோ கேட்டார்.

"இது என்னான்னு கேக்குறாரு," என்றார் காதர்.

"ஓடைத் தண்ணி. சாயம் பூசினது இன்னும் காயலைன்னு சொல்லுங்க."

விரல் நுனியில் ஒட்டிய நீலத்தை அதிகாரி தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்துப் பாலத்தைப் படம் பிடித்தார், என்னைப் பிடித்தார், காதரையும் பிடித்தார். சீட்டையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தார், போ என்று கையைக் காட்டினார். வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்தாரா, வேறு யாருக்காவது அனுப்ப எடுத்தாரா? எங்களுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

காருக்குள் கோ சோ முணுமுணுவென்று அம்மனையும் புத்தரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டினார்.

"அக்கா," என்றார் காதர் கடைசியில். "என் பேரை நல்லா வெளுத்துட்டீங்க."

"மன்னிச்சிருங்க தம்பி. வேற வழி தெரியலை."

"மன்னிப்பென்னக்கா, என்னைக் காப்பாத்தினீங்க." சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "கடைப் பலகையிலே இன்னமும் அத்தா பேருதான் இருக்கு. ஒரு பொருள்லே என் பேரைப் போட்டது அது ஒண்ணுதான்."

காலை 8.30. மண்டபம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பதினோரு மேசைகள், நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் கம்பளிக்குள். லைங் தாயா ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகளை வரிசையாகச் செய்து வைத்திருந்தார் ஒருவர். ஜன்னலுக்கு ஜன்னல் தூங்கி வழியும் முகங்கள், ஒவ்வொன்றும் அரிசி அளவு. கேமராவை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மேசை தோறும் ஒரு சின்ன அட்டை இருந்தது. அளவு விகிதம், தண்டவாள அகலம், எத்தனை மாத வேலை, எல்லாம் எழுதியிருந்தார்கள். செய்தவர் பெயர் ஒரு மேசையிலும் இல்லை. நம் ஊர்க் கண்காட்சியில் பெயர்ப் பலகைதான் ரயிலைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காதர் தன் மேசையில் கட்டியிருந்த வட்ட ரயிலின் மாதிரிப் பாதையில் ஒரே ஓர் இடைவெளி விட்டு வைத்திருந்தார், என் பாலத்துக்காக. பொருத்தினோம். மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தது. செங்கல் எண்ணிய கணக்கு சரிதான். எஞ்சின் புறப்பட்டு நிலையங்களைக் கடந்து பாலத்தைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. கைதட்டினார்கள். காதரும் தட்டினார், ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் நாங்கள் இருவரும் திரும்பினோம். மாலை ஐந்து வரை அப்படியே கழிந்தது. இடையில் நாலு கோப்பை லபெயே, அதாவது பால் தேநீர், குடித்தேன். ஒன்றின் ருசியும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.20. விமான நிலையம். பாலத்தை அவரிடமே விட்டுவிடலாம் என்றேன், பாதை முழுதாக இருக்கட்டும் என்று.

"வேணாங்கக்கா, கொண்டு போங்க. அது எங்கிட்டே இருக்கப்படாது," என்றார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று திரும்பி நடந்தார். அங்கே நின்றுகொண்டே அழுதேன், வெட்கமென்ன.

இப்போது மதுரை. தினமும் காலையில் காதரிடமிருந்து கைபேசியில் 'வண்டி ஓடுது' என்று ஒரு வரி வரும். வரும்வரை நான் காபி குடிப்பதில்லை. போன வாரம் இங்கே ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பாலத்தைக் கேட்டார்கள். மூலையிலே என்ன மேடம் கறை, சாயம் அடித்து மூடித் தரட்டுமா என்றார் அமைப்பாளர். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அட்டையில் எழுத 'வரைந்தவர் பெயர்?' என்று கேட்டார். பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் காதர் என்று எழுதியிருக்கிறேன். அது அவர் பெயர் இல்லை.