ருக்குமணி வளர்த்த முதலைக் குட்டிகள்

ருக்குமணிக்கு நாற்பத்தாறு வயது. மலை மேலே, செம்மேட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, மிளகுத் தோட்டத்துக்கு நடுவே வீடு. ஆடு, மாடு, கோழி எது வந்தாலும் அவள் கையில் கொழுத்துவிடும். ஒரு ஜீவன் பசியோடு இருக்குமோ என்ற நினைப்பே அவளுக்கு ஆகாது. புருஷன் செல்லமுத்து சாப்பிடும்போது தட்டைக் கையால் மூடிக்கொண்டுதான் தப்பிப்பார்.

வீட்டை ஒட்டிய அறையில் கிராம சுகாதார செவிலியர் ஜெசிந்தா குடியிருந்தாள். துறையூர்க்காரி. அவளிடம் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. சென்னையில் இருந்த தம்பி வெளிநாடு போகும்போது, மலையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று வனத்துறைப் பதிவுக் காகிதங்களோடு அவளிடம் ஒப்படைத்தது. உள்ளே ஈர மண், சருகு, மரப்பட்டை. அதற்கடியில் 'முதலை நியூட்' என்ற பிராணிகள் மூன்று. பல்லி உருவம், தவளைச் சாதி, முதுகில் இரண்டு வரிசை ஆரஞ்சு முடிச்சுகள். அப்படித்தான் ஜெசிந்தா சொன்னாள். தொட்டி வந்த எட்டு மாதத்தில் ருக்குமணி பார்த்தது ஒரு வால் நுனியை மட்டும்.

போன ஏப்ரலில் ஜெசிந்தாவின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஜெசிந்தா மூன்று வாரம் லீவு போட்டாள்.

"அக்கா, வாரத்துல ரெண்டு தடவை, பொழுது சாயறப்போ மண்புழு போட்டாப் போதும். மண்ணு காஞ்சா லேசாத் தண்ணி தெளிங்க. வெறுங்கையால தொடாதீங்க."

"ரெண்டே தடவைங்களா? வயித்துக்குப் பத்துமா?"

"பத்தும்க்கா."

நான்கு நாள் ருக்குமணி பொறுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் மலையிலும் வெயில் கொளுத்தியது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சருகு அசையவில்லை. முதலை என்று பேர் வைத்துவிட்டுத் தண்ணீர் காட்டாமல் போட்டிருக்கிறாளே என்று மனது கேட்கவில்லை. அரைக் குடம் தண்ணீரை ஊற்றி, ஒரு கை நிறைய மண்புழுவையும் போட்டாள்.

மறுநாள் காலை மூன்றும் சருகுக்கு மேலே வந்திருந்தன. கண்ணாடியில் ஏறின, சறுக்கின, மறுபடி ஏறின.

"ஏனுங்க, ஓடியாங்க! முதலைக் குட்டிங்க வந்துருச்சுங்க!"

செல்லமுத்து வந்தார். பக்கத்து வீட்டுக் கோகிலா வந்தாள். ருக்குமணி வீடியோ எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினாள். "பாருங்க நர்சம்மா, எம்பட கையில எப்படி வெளையாடுதுங்கன்னு!"

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அக்கா, அது விளையாடலக்கா. தப்பிச்சுப் போகப் பாக்குது. நல்லா இருந்தா பகல்ல கண்ணுலயே படாது. மண்ணுல தண்ணி நிக்குதா?"

ருக்குமணி தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். "நாந்தானுங்க ஊத்துனேன்."

ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ருக்குமணி கையுறை மாட்டிக்கொண்டு செய்தாள். மூன்றையும் ஓட்டை போட்ட டப்பாவுக்கு மாற்றினாள். செத்த புழுக்களோடு நாறிய சேற்றை அள்ளிக் கொட்டினாள். உரமோ மருந்தோ படாத பலா மரத்தடியிலிருந்து மண்ணும் சருகும் கொண்டு வந்து, ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தாற்போலவும் பரப்பினாள். ஓரத்தில் சின்னத் தட்டில் ஊற்றுத் தண்ணீர். வெயில் தாக்காமல் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினாள்.

உள்ளே விட்டதும் இரண்டு, பட்டைக்கடியில் போய் மறைந்தன. மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது, வயிற்றில் வெளுத்த புண்ணோடு கிடந்தது. அதை மட்டும் டப்பாவிலேயே ஈரத்தாள் மேல் வைத்து, தினமும் தாளை மாற்றினாள். இடுக்கியில் புழுத் துண்டு நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்பது நாள் அப்படியே போனது.

"தின்னு கண்ணு. ஒரு வாய் தின்னு சாமி."

அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

"ஏம்புள்ள, அது பட்டினி கெடந்தா நீயுமா கெடப்ப?" என்றார் செல்லமுத்து. அவராகவே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் அது தலையைத் தூக்கியது. புழுவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. சட்டென்று கவ்வியது. ருக்குமணி போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடு மிரண்டது. அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போனது. கையை இழுத்துக்கொண்டு, டப்பாவை மூடினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் மூடியதில்லை.

ஜெசிந்தா திரும்பி வரும்போது புண் ஆறி, மூன்றும் ஒன்றாகத் தொட்டியில் இருந்தன. அவள் பட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நான் வச்சிருந்ததைவிட நல்லா இருக்குக்கா."

"சரிங்க, மூடிடுங்க நர்சம்மா. பாவம், கூச்சப்படுதுங்க."

ஜூனில் அம்மாவையும் அழைத்து வந்தாள் ஜெசிந்தா. அறையில் கட்டில் போட இடமில்லை. கேட்கத் தயங்கி நின்றவளிடம், "எங்கூட்டு வடக்குச் செவுத்தோரம் எப்பவும் சில்லுன்னு இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, ருக்குமணியே செல்லமுத்துவோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்களும் வெள்ளியும் ஆளுக்கு ஒரு புழு. கோகிலா வரும்போதெல்லாம் ஒரு தடவை காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ருக்குமணி அவளுக்குக் காப்பி கொடுக்கிறாள், முறுக்கு கொடுக்கிறாள். மூடியை மட்டும் திறப்பதில்லை.