நகராத சைக்கிளும் நானும்

சைக்கிள் வாங்க வருகிறவர் எங்கே போகப் போகிறார் என்று சொல்வார். டிரெயினர் வாங்க வருகிறவர் எங்கே போக முடியவில்லை என்று சொல்வார். மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான் இரண்டு பேச்சையும் கேட்டவன். டிரெயினர் என்பது வேறொன்றுமில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஓர் உருளையோடு அழுத்திப் பிடிக்கும் இரும்பு ஸ்டாண்டு. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. ஹாலில் மின்விசிறிக்கு அடியில் இதில் ஏறி வியர்ப்பவராக நீங்களும் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஒரு வேனின் கண்ணாடி என் தோளில் இடித்தது. காறை எலும்பு முறிந்தது, பிறகு கூடியும்விட்டது. ஆனால் அன்றிலிருந்து நான் ரோட்டில் சைக்கிள் ஏறியதில்லை. "இந்த டிராஃபிக்ல எதுக்கு சார், வீட்லயே மிதிங்க" என்று நான் டிரெயினர் விற்கும்போதெல்லாம், விற்பது டிரெயினரையா என் பயத்தையா என்று ஒரு கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்து மணிச் சத்தம்

நாவலூரில் ஓர் அடுக்குமாடி. ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் விடியற்காலையில் மிதிக்கிறார். கீழ்வீட்டில் உறுமல் கேட்கிறதாம். ரப்பர் பாய் விரித்துச் சரிசெய்யப் போயிருந்தேன். நான் பாயைப் பிரிப்பதற்குள் கீழ்வீட்டு அம்மாளே மேலே வந்துவிட்டார். சண்டை என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் வண்டியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஓ, இதுவா? நான் மிக்ஸின்னுல்ல நெனச்சேன். ஆறு மாசமா டெய்லி அஞ்சு மணிக்கு அரைக்கிறீங்களே, ஒரு நாளாவது கொஞ்சம் சட்னி குடுத்தனுப்பறாங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

கறுப்புத் தூள்

சிட்லபாக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். என் பேச்சைக் கேட்டுத்தான் ரோட்டை விட்டவர். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டலூர் வரை போய் வருவார். ஒருநாள் போனில் கூப்பிட்டார். பின் டயர் வழவழவென்று தேய்ந்துவிட்டது, தரையெல்லாம் கறுப்புத் தூள், மட்டமான டயரைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கோபம்.

போய்ப் பார்த்தேன். டயரில் குற்றமில்லை. உருளையில் உராய்ந்து சூடாகி ரப்பர் உதிர்கிறது. இதற்கென்றே கெட்டியான டயர் உண்டு, விற்கும்போது சொல்ல மறந்தது நான்தான். ஒப்புக்கொண்டேன். அவர் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் போய்விட்டது. எனக்கு அது போகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அப்ப வெளியே போகாம வீட்லயே இருந்தாலும் தேய்மானம் நிக்காதுன்னு சொல்றீங்க."

மத்தியான மலை

மத்தியானத்தில் கடையில் ஆள் வராது. மாதிரிக்கு வைத்திருக்கும் டிரெயினரில் நானே ஏறிவிடுவேன். எதிரே செல்போனில் ஏதோ வெளிநாட்டு மலைப்பாதை ஓடும். அதில் ஏற்றம் வந்தால், போனோடு இணைந்த டிரெயினரில் மிதிப்பதும் கனமாகும். கண்ணுக்குப் பச்சை, மூக்குக்குக் கிரீஸ்.

ஒருநாள், என்னிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் மெக்கானிக் ஏழுமலை, வளைந்த வீல் ஒன்றுக்குக் கோட்டம் எடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். சேலையூரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான் இப்போது பஸ்ஸில் வருவது ஏன் என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இன்னாண்ணா, ஒரு மணி நேரமா மலை ஏறினுகீற, இன்னும் நம்ம கல்லாப் பெட்டியாண்டதான் கீற."

எலுமிச்சம்பழம்

போன மாதம் பெருங்களத்தூரில் தேவராஜன் என்ற வாடிக்கையாளர் வீடு. ஒரு காலத்தில் நிலத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது அதே நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது. சர்க்கரைக்காக டாக்டர் மிதிக்கச் சொன்னதால் ரோடு பைக் என்கிற புது ரேஸ் சைக்கிள், புது டிரெயினர். ஹாலில் மாட்டி முடித்தேன். தேவராஜனின் மனைவி கலாவதி வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தார். தேவராஜன் ஏறி மிதித்தார். பின்சக்கரம் பறந்தது. பழம் அப்படியே இருந்தது.

"பழம் நசுங்காம புது வண்டி எடுக்கக் கூடாது சார்" என்றார் கலாவதி. வண்டியைக் கழற்றித் தெருவுக்கு இறக்கினேன், பழமும் தெருவுக்கு வந்தது. மெல்லிய டயரைப் பார்த்துத் தேவராஜன் பின்வாங்கினார். "எனக்கு பேலன்ஸ் இல்ல. நீங்களே ஏத்துங்க." தள்ளிக்கொண்டே பழத்தின் மேல் ஏற்றிவிடலாம் என்று ஹாண்டில்பாரைப் பிடித்தேன். "தள்ளிக்கினு போனா என்னா சார் அர்த்தம், ஏறி ஓட்டுங்க" என்றார் அந்த அம்மாள்.

பத்தடிதானே என்று ஏறினேன். டயருக்கடியில் பழம் பிதுங்கியது தெரிந்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். விரல்கள் லீவரில்தான் இருந்தன. பிடிக்கவில்லை. இரண்டு வருடம் மின்விசிறிக் காற்றையே வாங்கிய முகத்தில் தெருக்காற்று பட்டது. தெருமுனை வரை போய், ஜி.எஸ்.டி. ரோடு தெரிந்ததும் ஒரு காலை ஊன்றி நின்றேன். தெற்கே போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. வண்டியை விட்டு இறங்கவில்லை. பஸ் மறையும் வரை நின்றுவிட்டு, திருப்பிக்கொண்டு மிதித்தே வந்தேன். கலாவதி இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றிருந்தார்.

"பழம் அப்பவே நசுங்கிடுச்சே சார், நீங்க எங்க போயிட்டு வரீங்க?"

வண்டியை மறுபடி டிரெயினரில் பூட்டிவிட்டு அன்றைக்கும் பஸ்ஸில்தான் கடைக்கு வந்தேன். தெருமுனைக்கு ஒரு பழம் என்றால் சேலையூரிலிருந்து கடைக்கு எத்தனை ஆகும் என்று மார்க்கெட்டைத் தாண்டும்போதெல்லாம் யோசிக்கிறேன்.