தானாகப் பிடித்துக்கொண்ட பிரேக்

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி நிற்காது. இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டு, நைனா என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். ஆகவே அந்த ஸ்டியரிங்தான் எனக்கு எல்லாம். அது போனால் திரும்பிப் போக எனக்குக் கடல்கூடக் கிடையாது.

ஒருநாள் பிரேக் பெடல் ரொம்பக் கீழே இறங்கிப் பிடித்தது. பெடலிலிருந்து, பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் கம்பியில் ஒரு நட்டு உண்டு. யாரையும் கேட்காமல் அதைத் திருகிக் கம்பியை நீட்டினேன். பெடல் மேலே வந்து நின்றது. தொட்டாலே வண்டி நின்றது. பெருமையாக இருந்தது.

அடுத்த வாரமே, பொன்னேரிக்குப் போகும் வழியில் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் முனகியது, சக்கரம் சுற்றவில்லை. இறங்கித் தொட்டால் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களும் கொதித்தன. கருகல் வாடை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல உருண்டது. பொன்னேரி மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் ஆறிப் போயிருந்தது.

"நீ எதுனா கை வச்சியா?" என்றார்.

"இல்லண்ணா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. பாய் பக்கத்தில் நின்றிருந்தார், வாயில் வந்துவிட்டது. பெடலை உயர்த்தினால் சக்கரம் ஏன் இறுகும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் மூன்று மாதம். மெக்கானிக் பிரேக் ஷூ மாற்றினார், சக்கர சிலிண்டர்களை மாற்றினார், ரப்பர் ஹோஸை மாற்றினார். பட்டறையில் நன்றாக இருக்கும்; ஏழெட்டு மைல் ஓடியதும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அந்த நட்டு நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் சொல்வது முன்னைவிடக் கஷ்டமாகும். வண்டியில் உட்கார்ந்தாலே கழுத்து வியர்க்கும். பாயோ மெக்கானிக்கை ஏமாற்றுக்காரன் என்று கடைத்தெருவில் சொல்லத் தொடங்கினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ பிரேக்குல கால வச்சிக்கினே ஓட்டுற. தள்ளு, நானே ஓட்டிக் காட்டுறேன்."

அன்று மழை. பின்சீட்டில் அவர் மனைவியும் மாமியாரும். பொன்னேரியில் ஒரு நிச்சயதார்த்தம். நான் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி முனகி நின்றது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே கருகல் வாடையும் அத்தர் வாசனையும். முன்னால் போக வழியில்லை, பெண்கள் இறங்கி நிற்க இடமில்லை.

"இன்னாங்க, நீங்கதானே ஓட்டுனீங்க?" என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிச் சேற்றில் படுத்தேன். முன்சக்கர டிரம்முக்குப் பின்னால், பிரேக் எண்ணெயில் சேரும் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தேன். எண்ணெய் பீய்ச்சி அடித்தது. இறுகியிருந்த சக்கரம் விட்டது.

"பாய், பெடல மிதிச்சிங்களா?"

"நா கால் வெக்கவே இல்லபா!"

யாரும் மிதிக்காமல் அத்தனை அழுத்தம். பெடலை விட்டாலும் நான் நீட்டிய கம்பி சிலிண்டரை விடவில்லை. எண்ணெய் திரும்பிப் போக இடமில்லாமல் உள்ளேயே சூடேறிச் சக்கரங்களை இறுக்கியிருந்தது. நிப்பிளை மூடிவிட்டு, நட்டைத் திருப்பிக் கம்பியைக் குறைத்தேன். பெடலில் சிறிது தளர்ச்சி வந்தது.

"சரியாப்போச்சு" என்று மட்டும் சொன்னேன். பொன்னேரி வரை அவரே ஓட்டினார். எங்கும் நிற்கவில்லை.

அவர்கள் நிச்சயதார்த்த வீட்டில் இருந்தபோது, நான் பட்டறைக்கு நடந்துபோய் மெக்கானிக்கிடம் நட்டைத் திருகியதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"மொத நாளே கேட்டேனே. ஊரே என்னத் திருடன்னு பேசுது. என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவர்கிட்ட போய் சொல்லு."

திரும்பும் வழியில், பெண்கள் பின்னால் இருக்கும்போதே சொன்னேன். பாய் வண்டியை ஓரங்கட்டினார். மழை விட்டிருந்தது.

"மூணு மாசமாவா?" என்றார்.

"ஆமா பாய்."

"இறங்கு."

அங்கிருந்து கோட்டைக்குப்பம் வரை நடந்தேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தும், அன்று மூச்சு சுலபமாக வந்தது. இருபது நாள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாய் ஆள் அனுப்பினார். போனதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மெக்கானிக் பட்டறைக்கு வுடு." அங்கே போய், தெருவில் நின்றவர்கள் கேட்கும்படி பாய் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்; இறங்கத் தைரியம் வரவில்லை.