அறுபத்தொன்பதில் தெரேசாவுக்கு வந்த பலம்

ஆகஸ்ட் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, கண்டி மஹியாவையில் தங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் தெரேசாவும் அவளுடைய புருஷன் வில்பிரட்டும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். கட்டிலிலிருந்து கதிரைக்கு அவரை மாற்றப்போன இடத்தில் அவளுடைய முழங்கால் மடங்கிவிட்டது. பெப்ரவரியில் பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோன மனிதர் மேலே. அறுபத்தொன்பது வயசுக்காரி கீழே. பத்தரைக்குப் பக்கத்து வீட்டுச் சின்னமுத்து கறிவேப்பிலை கேட்டு வந்து எட்டிப் பார்த்ததால் பிழைத்தார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரமும் வில்பிரட் ஏதோ குழறிக்கொண்டே கிடந்தார். அதில் தெரேசாவுக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்றுதான். “நோகுதா? நோகுதா?” தன் உடம்பில் பாதி செத்துக் கிடக்கிறது, இந்த மனிதர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

சனிக்கிழமை மகன் அலோசியஸ் வத்தளையிலிருந்து வந்து சேர்ந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோன பிள்ளை பேசுகிற பேச்சைத்தான் பேசினான்.

“அம்மா, இப்படியே விட்டா ஒருநாள் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பெட்டியில வைக்கணும். நீர்கொழும்புப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற ஹோம் ஒண்ணு இருக்கு. அப்பாவை அங்க விடுவோம். நீங்க எங்களோட வந்துருங்க.”

“ரெண்டு பேரும் அங்க இருக்க ஏலாதாப்பா?”

“அது ஆம்பளைங்களுக்கு மட்டும்மா.”

நாற்பத்து மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தரம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற உறவா? தெரேசா அழவில்லை. அவள் அழ வேண்டிய இடத்தில் வீம்பு பிடிக்கிற சாதி.

“டிசம்பர்ல நத்தார் வரும் மட்டும் பொறு. அதுக்குள்ள நான் அவரைத் தூக்கி நிப்பாட்டிக் காட்டுறேன்.”

“இந்த வயசிலயா?”

“இந்த வயசிலதான்.”

“சரி. நத்தாருக்கு வருவேன். என் கண் முன்னால அப்பாவைக் கட்டில்ல இருந்து எழுப்பி நிப்பாட்டுங்க. இல்லாட்டி தை மாசம் ஹோம்தான். அதுக்குப் பிறகு பேச்சில்ல.”

தெரேசா பிறந்தது ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். பதினாறு வயதில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியவள். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்தும் இடுப்பில் கட்டிய ஈரப் படங்குமாக அவள் சரிவில் இறங்கி வருவதைப் பார்த்துத்தான், தண்ணீர்க்குழாய் பதிக்க வந்த வில்பிரட் மயங்கினார் என்று ஒரு கதை உண்டு. அவர் கண்டி நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை. கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்தபிறகு இவள் ஒரு பாடசாலை விடுதிக் குசினியில் இருபத்தெட்டு வருஷம் சோற்றுப் பானை இறக்கினாள். இத்தனை பாரம் சுமந்த உடம்பு, ஓய்வு பெற்ற பத்து வருஷத்தில் இப்படி மடங்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. உடம்பிடம் அவளுக்கு உண்மையிலேயே கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் ஆஸ்பத்திரியில் வில்பிரட்டுக்குப் பிசியோ சிகிச்சை செய்கிற ஸக்கியாவிடம் போய் நின்றாள். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். மகள் வயதுகூட இல்லை.

“மிஸ், எனக்குப் பலம் வேணும். நாலு மாசத்துக்குள்ள.”

ஸக்கியா சிரிக்கவில்லை. கதிரையில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னாள். தெரேசா ஐந்தாவது தரமே மூச்சு வாங்கினாள். “ஏலும் ஆன்ட்டி, வயசு போனாலும் தசை வளரும். ஆனா ஒழுங்கா செய்யணும்,” என்று சொல்லிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கதிரையில் உட்கார்ந்து எழும்புவது பத்துத் தரம். சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தரம். இரண்டு கிலோ மணல் பையைத் தூக்கி இறக்குவது பத்துத் தரம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகவா? தெரேசாவா? முதல் நாளே எட்டுக் கிலோ மணலைப் பையில் நிரப்பினாள். அதற்கு ஒரு கயிற்றைக் கட்டி, உச்சந்தலையில் சீலையை மடித்து வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, வீட்டுக்கு ஏறுகிற முப்பத்தாறு படிகளையும் ஏறி இறங்கினாள். சின்னமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். “என்னக்கா, மறுபடி தோட்டத்தில வேலைக்குப் பேர் பதியப் போறீங்களா?” என்று கேட்டு ஏச்சும் வாங்கினான். நாலாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. இடமும் திரும்பாது, வலமும் திரும்பாது.

“யா அல்லாஹ்! நான் முழங்காலை மடக்கி, பையை நெஞ்சோட அணைச்சு எழும்பத்தானே சொன்னேன்? நீங்க கழுத்தால மலை ஏறியிருக்கீங்க!”

“எங்க தோட்டத்தில பாரம்னா தலையில கயிறுதான் மிஸ்.”

“அங்கிளையும் கயித்தில கட்டி முதுகுல தொங்கவிடப் போறீங்களா?”

தெரேசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கழுத்து வலித்தது.

அதன் பிறகு சொன்னபடி செய்தாள். இரண்டு கிலோ நாலானது, நாலு ஆறானது. முட்டையும் பயறும் நெத்தலியும் தட்டில் கூடின. அக்டோபர் முடிகிறபோது காஸ் சிலிண்டரை அடுப்படிக்கு அவளே நகர்த்தினாள். நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் வில்பிரட்டை நெஞ்சோடு அணைத்து, முழங்காலை நிமிர்த்தி, ஒரே மூச்சில் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தாள். இருபது வயதில் கூடை நிறைந்த நாளில்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். அன்றிலிருந்து அவர் எதற்கு அசைந்தாலும் அவள் கை முந்திக்கொண்டது. கழிவறைக்கா, தூக்கு. வாசலுக்கா, தூக்கு.

மூன்று வாரம் கழித்து, பக்கத்துத் தெரு றிஸ்வியின் ஓட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் ஆள் வருமுன்னே தானே தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தாள். சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவளும் செய்தாள்.

ஸக்கியா கைதட்டுவாள் என்று பார்த்தால், அவள் அளவுநாடாவை எடுத்து வில்பிரட்டின் இடது தொடையைச் சுற்றி அளந்தாள். பழைய அட்டையைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

“ஆன்ட்டி, உங்களுக்குப் பலம் வந்திருக்கு, மாஷா அல்லாஹ். ஆனா இது அங்கிளோட நல்ல கால். நோய் தொடாத கால். மூணு சென்டிமீட்டர் மெலிஞ்சு போயிருக்கு. கடைசியா எப்ப இந்தக் காலை ஊண்டி அவரா எழும்பப் பார்த்தார்?”

தெரேசா அந்தக் காலைக் குனிந்து பார்த்தாள்.

“வேலை குடுத்தா எந்த வயசிலயும் தசை வளரும். உங்களுக்கு வளர்ந்திருக்கே. குடுக்காட்டி எந்த வயசிலயும் கரைஞ்சிடும். நீங்க அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்றீங்க.”

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் இருத்திவிட்டு, தெரேசா கத்தினாள். ஸக்கியாமீது கோபம், தன்மீது கோபம்; இறங்கியதென்னவோ அவர் தலையில். “உங்களுக்கு வாய் இல்லையா? கால் சும்மா கிடக்குன்னு நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?”

வில்பிரட் வாயைக் கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே எடுத்தார். “நீ... தூக்கும்போது... சிரிச்ச.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “சந்தோசமா... இருந்த. அதான்... மூட்டையா... இருந்தேன்.”

அன்றைக்குத்தான் தெரேசா அழுதாள். ஆகஸ்டில் வைத்திருந்த அழுகையையும் சேர்த்து அழுதாள்.

மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் பயிற்சி. ஸக்கியா சொன்ன முறை லேசானது. அவர் இடுப்பில் ஒரு பட்டி. விழப்போனால் மட்டும் அதைப் பிடிக்கலாம், மற்றபடி தொடக்கூடாது. அவர் இடது காலை ஊன்றி, இடது கையால் கட்டில் சட்டத்தை அழுத்தி எழும்ப வேண்டும். ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடியும்வரை தெரேசா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு கிலோ, எட்டுக் கிலோவெல்லாம் ஒன்றுமில்லை. இதுதான் அவளுக்குப் பெரும்பாரம். தோட்டத்தில் கையைச் சும்மா வைத்திருந்தவளைக் கங்காணி என்னென்ன ஏசுவான் என்று அவளுக்குத் தெரியும். வேலை கண்ணுக்கு முன்னால் கிடக்க, கையைக் கட்டி நின்ற ஒரு நாள் அவள் ஆயுளில் இல்லை. அவர் இரண்டு அங்குலம் எழும்பிப் பொத்தென்று உட்காரும்போதெல்லாம் அவள் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டன. டிசம்பர் நடுவில் அவர் முக்கால்வாசி எழும்பினார். இரண்டு தரம் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றையும் பிடிக்காமல் ஒரு தரமும் நிற்கவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி பகல் அலோசியஸ் வந்தான். கேக் பெட்டியும் கையில், ஹோமின் விண்ணப்பமும் கையில்.

“சரிம்மா, காட்டுங்க,” என்றான்.

தெரேசா கட்டிலருகே போனாள். ஒரு நொடி வேலை. முழங்காலை மடக்கி, அணைத்து, நிமிர்ந்தால் முடிந்தது. மகன் வாயடைத்துப் போவான், பேச்சும் முடிந்தது. அவள் கை நீளவும் செய்தது. வில்பிரட் அவளைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம்.

மாதாவே, இன்றைக்கா? தோற்றால் தை மாதம் அவர் நீர்கொழும்பில். ஆனால் அவர் கேட்கிறாரே. தெரேசா இரண்டடி பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்னம்மா, சும்மா நிக்கிறீங்க?”

வில்பிரட் இடது காலை ஊன்றினார். சட்டத்தை அழுத்தினார். பாதி எழும்பி, உடம்பு ஒரு பக்கம் சரிந்து, மறுபடி கட்டிலில் விழுந்தார். உடனே திரும்பவும் காலை ஊன்றினார். இந்த முறை கால் கடகடவென்று ஆடியது.

“அப்பா!” அலோசியஸ் பாய்ந்தான்.

தெரேசா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் இழுத்துப் பார்த்தான். நாற்பது வயது ஆண்பிள்ளை, கையை ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை.

“விடுங்கம்மா, விழுந்துருவாரு!”

“விழ மாட்டாரு. விழுந்தா நான் பிடிப்பேன். நீ பொறு.”

வில்பிரட்டின் இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியது. முழங்கால் மெதுவாக, மிக மெதுவாக நிமிர்ந்தது. முகம் முழுக்க வியர்வை. கடைசியில் கை சட்டத்தை விட்டது. அவர் நின்றார். எதையும் பிடிக்காமல், யாரும் பிடிக்காமல், தன் வீட்டு நடுவில் நின்றார்.

அலோசியஸ் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். “சரிப்பா. இங்கயே இருங்க,” என்றான்.

தெரேசா மகனை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். பத்து மாதமாக அவரைக் குனிந்தே பார்த்திருக்கிறாள். கட்டிலில் கிடப்பவரை, கதிரையில் இருப்பவரை. தூக்கியபோதெல்லாம் அவர் தலை இவள் தோளில் கிடந்தது, முகம் தெரியவில்லை. இப்போது அவர் கண்ணைப் பார்க்க அவள் அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. அவர் தன்னைவிட இவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“அம்மாடி,” என்றாள் தெரேசா, “எவ்வளவு உசரம்ங்க நீங்க.”