ரவுடிக்குப் போட்ட மருதாணி

கடந்த கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் தொடங்கியது இது. தொடங்கி வைத்தவர் என் தங்கையின் கணவர்.

அவர்கள் நோர்பரியில் இருக்கிறார்கள். கல்யாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று நம்மவர்களின் கொண்டாட்டங்களை வீடியோ எடுப்பது அவர் தொழில். தங்கை மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். மருதாணி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். இரண்டு பேருக்கும் வார இறுதியில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியிருந்தும் அவருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

அதற்குக் காரணம் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் பார்த்துத் தள்ளிய படங்கள். அமெரிக்க நகரங்களில் வாழும் லத்தீன் இளைஞர்கள், அவர்களின் தெருக் கும்பல்கள், பழிக்குப் பழி. அவர் சொல்லிச் சொல்லி நானும் சிலவற்றைப் பார்த்தேன். பாதிப் படங்களில் ஒரே தெரு, ஒரே தலைத்துணி, கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரே சட்டை என்று தோன்றியது. ஆனால் ஒன்றிரண்டு உண்மையிலேயே நல்ல படங்கள். அவற்றில் அந்தப் பையன்களுக்கு வீடு இருந்தது, பகிடியும் சிரிப்பும் இருந்தது, பள்ளிக்கூடப் பயம் இருந்தது. துப்பாக்கி எடுப்பதற்கு முன் அவர்கள் எடுக்காமல் விட்ட எத்தனையோ சந்தர்ப்பங்களையும் அந்தப் படங்கள் காட்டின. எங்கள் மனிதர் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது தலைத்துணியையும் துப்பாக்கியையும் மட்டும்.

நான் கொழும்பில் சில வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்தவள் என்பதால், எழுத்துப்பிழை பார்க்கும்படி கதையை என்னிடம் தந்தார். லண்டனில் நல்லபடி படிக்கும் தமிழ்ப் பையன்களை ஒரு லத்தீன் கும்பல் வழிமறித்துக் கெடுக்கப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை.

"லண்டனில எந்த ரோட்டில தம்பி இப்பிடி ஒரு கும்பலைக் கண்டனீர்?" என்று கேட்டேன்.

"அக்கா, நீங்கள் பேப்பர்காரர் மாதிரிக் கதைக்கிறீங்கள். இது சினிமா."

"ரவுடி தான் வேணுமெண்டால் எங்கட பெடியளிலயும் ஒரு காலத்தில இருந்தவங்கள்தானே?"

"ஐயோ, எங்கட பெடியளை ரவுடியாக் காட்டினால் தமிழ்ச் சங்கம் ஹோல் தராது. படத்தை எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

தமிழ் இளைஞர்களாக நடிக்க வந்தவர்களில் ஒருவருக்கும் நாற்பதுக்குக் கீழே வயதில்லை. தலைக்கு மை பூசியிருந்தார்கள். லத்தீன் கும்பலில் இரண்டு பேர் எங்களவர்கள்தான். அதில் ஒருவர் கோலியர்ஸ் வுட்டில் கணக்காளர். தலைத்துணி கட்டியதும் அவர் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். கும்பலின் தலைவன் மட்டும் உண்மையான லத்தீன் இளைஞன்.

அவனை என் மைத்துனர் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்திருந்தார். விருந்து முடிந்தபின் கதிரைகளை அடுக்குவது அவன் வேலை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மெல்லிய குரல். எங்கள் கல்யாணங்களில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவன் கற்றுக்கொண்ட தமிழ் இரண்டு சொற்கள்: "காணும் அண்ணை." போதும் என்று சொல்லி, இலையில் சோற்றைக் குவிப்பவர்களிடமிருந்து தப்ப அதுதான் வழி. அவன் எல் சால்வடோர் நாட்டவன். மைத்துனர் கடைசிவரை அவனை "மெக்சிகோப் பெடியன்" என்றே சொன்னார். நான் மூன்றாம் முறை திருத்தியபோது, "எல்லாம் ஒரு பக்கம்தானே அக்கா" என்றார். யாராவது அவரைப் பங்களாதேஷ்காரர் என்றால் ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுப்பார்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் கராஜில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கமராவையும் விளையாட்டுத் துப்பாக்கிகளையும் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பிறகு ரவுடிக்குப் பச்சை குத்தும் வேலை. கழுத்தில் ஒரு இலக்கம், விரல் முட்டிகளில் எழுத்துகள், இடது கண்ணுக்குக் கீழே ஒரு கண்ணீர்த்துளி. படங்களில் அந்தத் துளிக்கு அர்த்தம், அதை வைத்திருப்பவன் ஒரு கொலை செய்தவன் என்பது.

இதை எதனால் வரைவது என்று கணவனும் மனைவியும் என் சமையலறையில் நின்று ஆலோசித்தார்கள். கண்மையால் வரைந்தால் வியர்வையில் அழியும், அடுத்த சனிக்கிழமைப் படப்பிடிப்பில் அதே இடத்தில் அதே அளவில் வராது என்று அவர் கவலைப்பட்டார். தங்கையின் பெட்டியில் முதல்நாள் மணப்பெண்ணுக்குப் போட்டு மிஞ்சிய மருதாணிக் கூம்பு இருந்தது.

"எத்தினை நாளைக்கு நிக்கவேணும்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு கிழமைக்கு, ஒரு பதினாலு நாளைக்கு நிண்டால் போதும்."

கதிரையில் இருந்த பையன் இதில் ஒரு சொல்லும் விளங்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கழுவினால் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். மைத்துனர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் அப்போது வெளியே நின்று, பொதுப் பாதையை மறித்து நிறுத்திய மைத்துனரின் வீடியோ வானைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருதாணியைப் பற்றித் தங்கை சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரியும்.

மத்தியானம் பசையைச் சுரண்டி எடுத்தபோது நிறம் வெறும் செம்மஞ்சள். கமராவில் தெரியவே இல்லை. ஆகவே அதற்கு மேல் கண்மையைப் பூசித்தான் படம் எடுத்தார்கள். மருதாணி போட்டே இருக்கத் தேவையில்லை.

பையனுக்குக் கொடூரமாகப் பார்க்க வரவில்லை. முறைக்கச் சொன்னால் தலையிடி வந்தவனைப் போலப் பார்த்தான். மைத்துனர் தொலைபேசியில் ஒரு படக்காட்சியைப் போட்டு அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். உங்கள் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் பார் என்றார். அந்த நடிகர் கலிபோர்னியாவில் பிறந்தவர் என்று பையன் மரியாதையாகச் சொன்னான். தான் இத்தகைய படங்கள் பார்ப்பதில்லை, வீட்டில் அம்மா விடுவதில்லை என்றும் சொன்னான். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. சாயந்தரம் வரை அதே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து அவன் எங்கள் குளியலறையில் முகம் கழுவிவிட்டு வந்தான். கண்மை போயிருந்தது. துளியும் கழுத்து இலக்கமும் முட்டி எழுத்துகளும் போகவில்லை. துவாயைப் பிடித்தபடி, இது எப்போது போகும் என்று என்னிடம் கேட்டான். திங்கட்கிழமை காலை அவனுக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் நர்சரியில் உதவியாளர் வேலை. ஒரு வருடமாகக் கதிரை அடுக்கிக்கொண்டே அதற்கான படிப்பை முடித்தவன் அவன்.

நான் மைத்துனரைப் பார்த்தேன். "திங்கள் தனக்கு வேலையிருக்கு எண்டு சொன்னவன்தான் அக்கா. அடுத்த சூட்டிங் சனிதானே எண்டு நான் ஒண்டும் யோசிக்கேல்லை."

"உமக்கு விசரே? கழுவினால் போகும் எண்டு ஏன் காட்டினீர்?"

"ரெண்டு கிழமையில போகும்தானே!"

தங்கை அதைவிட மோசமான செய்தி ஒன்றைச் சொன்னாள். "இது இன்னும் கறுக்குமக்கா. நாளையிண்டைக்கு, திங்களுக்குத்தான் வடிவாப் பிடிக்கும்." சொல்லும்போது அவள் குரலில் தொழில் பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அதன்பிறகு என் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. கணக்காளர் தேசிக்காய் பிழிந்து கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் பற்பசை என்றார். மற்றவர் உப்பும் தேங்காயெண்ணெயும் என்றார். ஆளாளுக்கு ஒன்றைத் தேய்த்தார்கள். கன்னம் சிவந்து வீங்கியது, துளி அசையவில்லை. ஒருவர் குளியலறை கழுவும் திரவத்தை எடுக்கப் போனபோது பையன் கையை உயர்த்தி, "காணும் அண்ணை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுடைய பயம். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கல்யாணப் படங்கள் ஒட்டிய வானில் மைத்துனரும் தங்கையும் நானும் அவனை ஏற்றிக்கொண்டு அவன் வீடு இருக்கும் எலிபன்ட் அண்ட் காசில் பக்கம் போனோம். வழிநெடுகவும் மைத்துனர் தான் என்ன சொல்லப்போகிறார் என்று ஒத்திகை பார்த்தார்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகும் நீலச் சட்டையில் நின்றார். மகனின் முகத்தைப் பார்த்தார். பெருவிரலை நாக்கில் நனைத்து அந்தத் துளியைத் தேய்த்தார். திரும்பவும் தேய்த்தார். பிறகு படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அவர் பேசியதை மகன் ஆங்கிலத்தில் சொன்னான். அவர்கள் இருந்த ஊரில் உடம்பில் இப்படியொரு அடையாளம் இருந்தால் பொலிஸ் பிடிக்கும். பொலிஸ் விட்டால் எதிர்க் கும்பல் பிடிக்கும். கையில் ஒரு பூவைப் பச்சை குத்திக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன் வீடு திரும்பவில்லை. மகன் பெரியவனாகும் முன்னர் அந்த இடத்தை விட்டு வெளிக்கிட வேண்டும் என்றுதான் அவர் இங்கே வந்தார்.

மைத்துனர் ஒத்திகை பார்த்த ஒன்றையும் சொல்லவில்லை. அவருடைய முழங்காலில் ஒரு தழும்பு உண்டு, சைக்கிளால் விழுந்தது. இளவயதில் கொழும்புச் சோதனைச் சாவடியில் அதைக் கண்டு, இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்று சொல்லி அவரைப் பல நாள் உள்ளே வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. விருந்துகளில் அவரே பகிடியாக நடித்துக் காட்டுவார். அந்தத் தழும்புக்கும் இந்தத் துளிக்கும் நடுவில் ஒரு கோடு கிழிக்க அவருக்கு இவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐ ஆம் சொறி" என்றார். இன்னொரு தரமும் சொன்னார்.

அந்த அம்மா அதை ஏற்றாரா என்று தெரியவில்லை. இதைப் போட்டது யார் என்று கேட்டார். தங்கை கையை உயர்த்தினாள். அப்படியென்றால் திங்கள் காலை நீயே வந்து மறை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.

திங்கள் காலை நாங்கள் திரும்பவும் போனோம். துளி நல்ல கபில நிறத்தில் பளிச்சென்று பிடித்திருந்தது. தங்கை தன் பெட்டியிலிருந்த பூச்சுகளைக் கலந்து அவன் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவை எல்லாம் எங்கள் மணப்பெண்களுக்கு வாங்கியவை. கன்னத்தை மறைத்தால் கழுத்து வேறு நிறம், கழுத்தைச் சரிசெய்தால் காது வேறு நிறம். முடிவில் அவன் மணவறைக்குப் போகும் மாப்பிள்ளை போல இருந்தான். வானில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. வெயில் ஏற ஏறக் கழுத்துப் பூச்சு வழிந்து வெள்ளைச் சட்டைக் கழுத்துப்பட்டியில் இறங்கியது.

நர்சரிக்கு முன்னால் வான் நின்றதும், அவன் தங்கையிடம் ஈரத் துடைப்பான் கேட்டான். நாங்கள் மூன்று பேரும் வேண்டாம் என்று கத்தக் கத்த, கண்ணாடியில் பார்த்து எல்லாவற்றையும் துடைத்தான். ஒரு வருடப் படிப்பு போயிற்று என்று எனக்குத் தோன்றியது. இந்த முகத்தோடு எந்த நர்சரிக்காரி இவனை உள்ளே விடுவாள்? கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. மைத்துனர் வாய் திறக்கப் போனார். "ஒண்டும் கதையாதையும்" என்றேன்.

அவன் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வந்தவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

உள்ளே நடந்ததை அவனே சொன்னான். நடுவயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்தான் பொறுப்பாளர். அவன் கன்னத்தையும் கழுத்தையும் கை முட்டிகளையும் ஒரு கணம் உற்றுப் பார்த்திருக்கிறார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்குக் கல்யாணம்?"

அந்த நர்சரிக்கு வரும் பிள்ளைகளில் பலர் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அக்காமாரின் கல்யாணத்துக்கும் மருதாணிக் கையோடு வருபவர்கள். அந்த நிறத்தை அவர் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். எப்போது மங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவன் உள்ளதைச் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிள்ளைகளுக்கு எப்படிக் கதை சொல்வாய் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த வாரமே வேலை கிடைத்தது.

"பாத்தீங்களே அக்கா, நான் சொன்னனான்தானே, ஒண்டும் நடக்காதெண்டு" என்றார் மைத்துனர். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பையன் வரவில்லை, அம்மா விடவில்லை. மிச்சக் காட்சிகளில் அவனுக்குப் பதிலாகக் கணக்காளர் முதுகைக் காட்டிக்கொண்டு நடித்தார். சங்க மண்டபத்தில் படம் ஓடி, பையன் திரையில் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "உவங்களின்ர முகத்திலயே தெரியுது பாருங்கோ, ரவுடியளெண்டு" என்றார். பதில் சொல்லத் தொடங்கினேன், சுற்றியிருந்தவர்கள் என்னைப் பேசவேண்டாம் என்று அடக்கினார்கள்.

எங்கள் கையாலேயே, எங்கள் கல்யாண மருதாணியாலேயே போட்ட ஒன்றை மருதாணியாகப் பார்க்க, எங்களோடு எந்த உறவும் இல்லாத ஒருவர் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வருகிறது.