தானாகக் கவிழ்ந்த பக்கெட்

திருவனந்தபுரம் பைபாஸ் ஓரமாக நிமிர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளில் பாதி, வேலப்பனின் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. பாதி என்பது கொஞ்சம் தாராளம்தான். ஏழெட்டு என்று வைத்துக்கொண்டால் யாரும் வீடு தேடிச் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த ஏழெட்டின் மணலும் ஜல்லியும் அவர் ஓட்டிய லோடரின் பக்கெட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போயின. அதில் பொய் கிடையாது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கென்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவர், சட்டி சுமந்து, செங்கல் சுமந்து, கடைசியில் கான்கிரீட் கலக்கும் யார்டு ஒன்றில் லோடர் சீட்டில் ஏறினார். ஏறியவர் இறங்கவேயில்லை. இடுப்பு அந்த சீட்டின் பள்ளத்துக்கு ஏற்றபடி வளைந்துவிட்டது. பாயில் படுத்தாலும் கால் பிரேக்கைத் தேடும். களைப்பு அவரிடம் காய்ச்சல் மாதிரி வந்து போகவில்லை. மாமியார் வீட்டுச் சொந்தம் மாதிரி வந்து தங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்த கையோடு அசந்துபோவார். மனைவி இசக்கிசெல்வி, "கைய கழுவிட்டாவது உறங்குங்க" என்று தட்டி எழுப்புவாள்.

சீட்டில் மட்டும் உறங்கியதில்லை. அது அவருடைய மானம். இப்போது அந்த மானத்துக்குத்தான் வந்திருந்தது கேடு.

வேலை பார்வைக்கு எளிது. மணல் குவியலில் பக்கெட்டைக் குத்தி, அதைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உள்ள டில்ட் லிவரைப் பின்னால் இழுக்க வேண்டும். இஞ்சின் ஓட்டுகிற பம்பு, டாங்கியிலிருந்து ஆயிலை உறிஞ்சி வால்வுக்கு அனுப்பும். வால்வுக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு; லிவர் அசைந்தால் அது நகரும், நகர்ந்தால் வழி திறக்கும். ஆயில் சிலிண்டரின் பின்பக்கம் பாய்ந்து பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் போய், நடுவில் சீசா பலகை போல ஆடும் இரும்புக் கையின் மேல்முனையை இடிக்கும். மேல்முனை முன்னே போனால் கீழ்முனை பின்னே வரும். வரும்போது பக்கெட்டை இழுத்து நிமிர்த்தும். லிவரை முன்னால் தள்ளினால் எல்லாம் தலைகீழ், மணல் கொட்டும். கையை எடுத்துவிட்டால் லிவர் தானே நடுவுக்கு வந்து நிற்க, போகிற வழி, வருகிற வழி இரண்டும் அடைபட்டு, ஆயில் போக்கிடமில்லாமல் உள்ளேயே கிடக்கும். அப்படிக் கிடக்கிற ஆயில்தான் அத்தனை மணலையும் அந்தரத்தில் ஏந்திப் பிடிப்பது.

பிடிக்க வேண்டிய அந்தப் பக்கெட், கொஞ்ச நாளாகப் பிடிக்கவில்லை. குவியலிலிருந்து கலவை மெஷினின் தொட்டிக்குப் போகும் வழியிலேயே மெல்ல மெல்ல மூக்கைத் தாழ்த்தி, வழியெல்லாம் மணலைச் சிந்தியது. போன வாரம் ஜல்லித் தொட்டிக்குப் போகும் வழியில், ஜல்லியை மணல் தொட்டியில் சரித்துவிட்டது. அன்றைய கலவை முழுக்கப் பாழ்.

யார்டு சூப்பர்வைசர் பத்மகுமார் கெட்டவரல்ல. ஆனால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"வேலப்பா, நீ உறங்கிப் போச்சு. கை அறியாம முன்னால போச்சு, அல்லே?"

"சாரே, கை லிவர்லயே இல்ல. சிலிண்டர் சீல் போயிருக்கும்."

பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த ரப்பர் சீலை மாற்றினார்கள். புது சீலோடு பக்கெட் பழையபடியே கவிழ்ந்தது. முதலாளி முடிவைச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை புது ஆள் வருகிறான், வேலப்பனுக்கு இனி கேட்டில் நாற்காலியும் ஒரு விசிலும்.

சனிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை பார்க்கட்டும் என்று, சீலை மாற்றிய மெக்கானிக் ஜெபசிங்கைப் பத்மகுமார் மறுபடி கூப்பிட்டார். மார்த்தாண்டத்துக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். பக்கெட்டைத் தரையில் வைத்து முழுக்க நிமிர்த்தச் சொன்னான். சிலிண்டரின் முன்பக்க ஹோஸைக் கழற்றினான்.

"அண்ணாச்சி, இப்பம் லிவர மெல்லப் பின்னால இழுங்க. சீல் கசிஞ்சா இந்த வாயில ஆயில் வரணும்."

ஒரு சொட்டு வரவில்லை.

"சீல் நல்லாத்தான் இருக்கு. அப்பம் ஆயிலு வால்வு வழியாத்தான் போவுது. லிவரு நடுவுல வந்து நிக்குதா?"

"நிக்காம?" என்றார் வேலப்பன்.

ஜெபசிங் லிவரைப் பார்த்தான். அதன் அடியில் ரப்பர் உறை மேல் வேலப்பனின் பக்தி மொத்தமும் சுற்றிக் கிடந்தது. வெள்ளிதோறும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் வாங்கி வரும் மாலைத் துண்டை அவர் டில்ட் லிவரில்தான் சுற்றுவார். பூ காய்ந்து உதிரும். சாமி பிரசாதம் என்று நாரை மட்டும் எறியமாட்டார், கீழே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுற்றுவார். சீல் மாற்றியபோதும் ஜெபசிங் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அடுத்தவர் சாமி, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. பத்மகுமாருக்கோ பிள்ளையாரிடம் பயம்.

"நான் தொடமாட்டேன் அண்ணாச்சி. நீங்களே எடுங்க."

வேலப்பன் கும்பிட்டுவிட்டு நாரைப் பிரித்தார். வாழைநார் உறைக்குள்ளும் இறங்கியிருந்தது. ஆயிலும் சிமென்டுத் தூசியும் குடித்து, லிவரின் பின்பக்கம் இரும்பாக இறுகி ஆப்பு அடித்திருந்தது. லிவர் நடுவுக்கு வருவதுபோல் வந்து, ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். அந்த மயிரிழையில் வால்வும் திறந்திருக்கும், ஆயில் நழுவும், பக்கெட் தலை குனியும்.

"பிள்ளையாரே!" என்றார் வேலப்பன். தன் கை உறங்கவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா, அதே கைதான் இதைச் சுற்றியது என்பதற்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல், நாரை ஒரு துண்டுத் தாளில் பொதிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கண்டது போதும், காட்டு" என்றார் பத்மகுமார். "பக்கெட் நிறைய மணல் எடு. கொஞ்சமா உயர்த்து. கை ரெண்டும் மடியில வை. நான் சாயா குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். நின்னா நானே முதலாளியை போன்ல விளிச்சுச் சொல்லாம்."

ஜெபசிங் ஹோஸை மறுபடி மாட்டினான். வேலப்பன் மணலை அள்ளினார், நிமிர்த்தினார், உயர்த்தினார், இஞ்சினை அணைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் பக்கெட்டின் அருகே போகாதபடி ஜெபசிங் கயிறு கட்டிவிட்டு, பக்கெட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்மகுமார் சாயாவை ஊதி ஊதி, வேண்டுமென்றே மெல்லக் குடித்தார். வெயில் சாய்ந்தது. பக்கெட் சாயவில்லை. ஒரு பொடி மணல்கூட உதிரவில்லை.

பத்மகுமார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"சாரே, லிவர்ல நார் சிக்கித் தடசம். எடுத்து மாத்தியாச்சு. நம்ம வேலப்பன் தன்னே திங்கட்கிழமையும் ஓட்டட்டே? ... ஆ, சரி சாரே. ... இல்லில்ல, உறக்கமொண்ணும் இல்ல. அந்த ஆள் இந்த சீட்டில இருந்து ஒரு நாளும் உறங்கினதே இல்ல!"

போனை வைத்துவிட்டு, நல்ல செய்தியைச் சொல்லக் கேபினைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஜெபசிங் அவர் தோளைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்தான்.

"அதொண்ணு மட்டும் திருத்திக்கிடுங்க சார். நீங்க பாதி சாயா குடிக்கும்போதே அண்ணாச்சி உறங்கியாச்சு."